டேங்கருக்குள் எடுத்த இரண்டு படங்கள்

நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஷீலா. போன வாரம் போன் செய்தார். தொழிற்சாலையின் போட்டோப் பிரிவுக்கு லென்ஸ் ஒன்று வாங்க அனுமதி வந்துவிட்டதாம். பட்டியலில் இரண்டு இருக்கிறதாம். இரண்டுமே இருபத்துநான்கு எம்.எம்., அகலமாகப் பார்க்கிற லென்ஸ்தான். ஒன்று பெரியது, அரை இருட்டிலும் அசராமல் படம் எடுத்துக் கொடுக்கும். இன்னொன்று சின்னது, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் மூக்கால் அழும்.

“எனக்குப் பெருசுதான் சார் வேணும். ஆனா கமிட்டில உங்களையும் ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க. ரெண்டு வரில எழுதிக் குடுங்களேன்” என்றார்.

“சின்னதை வாங்கும்மா” என்றேன்.

“பெருசுலயும் வெளிச்சம் போற துளையைச் சுருக்கி வெச்சு எடுக்கலாமே சார். சின்னது செய்யற எல்லாத்தையும் பெருசு செய்யும். பெருசு செய்யறதைச் சின்னது செய்யாது.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லித் திரிந்தவன். இரண்டு வரியில் பதில் எழுதத் தெரிந்திருந்தால் நான் எதற்குக் கேமராவைத் தூக்கப் போகிறேன்? ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். கமிட்டிக்காரர்கள் டீ வரவழைத்துக்கொண்டு படிக்கட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருஷம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். முதல் நற்கருணை, மஞ்சள் நீராட்டு, சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படம் என்று எல்லாம் எடுத்தேன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் பால் டேங்கர் கட்டுகிற ஒரு தொழிற்சாலையில் போட்டோகிராபர் வேலை கிடைத்தது. திருமுல்லைவாயிலில் வீடு பார்த்துக்கொண்டேன். ரயிலில் போய் ரயிலில் வந்தேன். வேலை கற்றுக்கொண்டது ஸ்டூடியோவில் அல்ல, இந்தத் தொழிற்சாலையில், கோவிந்தராஜன் சாரிடம்.

கோவிந்தராஜன் சார் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரையும் வாங்க போங்க என்றுதான் சொல்வார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அரையடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் திட்டு வாங்கியதே தெரியாமல் வெளியே வருவார்கள், கேண்டீனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

நான் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. டேங்க் எண், தேதி, எங்கே நின்று எடுத்தேன், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தேன், என்ன விளக்கு, என்ன லென்ஸ். கடைசியாக ஒரு கட்டம்: ‘படத்தில் வராதது’. அதாவது, அந்த இடத்தில் இருந்தும் இந்தப் படத்துக்குள் விழாதது என்ன என்று எடுத்தவனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சார் முதலில் அதைக் கவிழ்த்து வைப்பார். சீட்டை மட்டும் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி போட்டுக்கொள்வார். மேசை மேல் பென்சிலால் டேங்கின் படம் ஒன்று போட்டு, நான் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். “இங்க நின்னீங்க. இந்தப் பக்கம் பாத்தீங்க. சரி, திருப்பலாமா?” என்பார். அதற்குப் பிறகுதான் படத்தின் முகத்தையே பார்ப்பார். முதல் இரண்டு வருஷம் எனக்கு இது பெரிய கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. படம் பார்க்கத்தானே எடுக்கிறோம், படிக்கவா எடுக்கிறோம் என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

அவர் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முழங்கால் போய்விட்டது. டேங்க் மேல் ஏறி, மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்க அவரால் முடியாது. உள்ளே நடப்பதை அவர் பார்க்க ஒரே வழி நான்தான்.

இப்போது என் காலத்தில் இருந்த பெரிய லென்ஸின் கதைக்கு வருகிறேன். அதைக் கம்பெனியை வாங்கவைத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் எடுத்த படங்கள், வாடிக்கையாளர்கள் வந்தால் எடுக்கிற படங்கள், முதலாளி வீட்டு விசேஷம், எல்லாவற்றிலும் ஃபிளாஷ் அடித்து முகங்கள் சுண்ணாம்பு பூசினது போல் இருக்கின்றன என்று எழுதி எழுதி வாங்கினேன். வந்து சேர்ந்தது ஒரு சொம்பு அளவுக்கு. கேமராவில் மாட்டினால் முன்பக்கம் தலை தொங்கும். ஆனால் அது எடுத்த படம் இருக்கிறதே! குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே முகம் பளிச்சென்று வரும், பின்னால் இருப்பதெல்லாம் பனி மூடினது போல் கரைந்துவிடும். பூந்தமல்லியில் முதலாளி மகள் கல்யாணத்தில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, கேட் வாட்ச்மேன்கூட எனக்குச் சல்யூட் அடித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது? பழைய சின்ன லென்ஸ் ஒன்று, குங்குமச் சிமிழ் போல, அலமாரியில் துணிக்குள் சுருண்டு கிடந்தது. அதைத் தொடவே மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஏழுமலை விவகாரம் வந்தது.

ஏழுமலை வெல்டர். பாரிவாக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கிய ஆள். எங்கள் தொழிற்சாலையில் வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு ஜாயிண்ட்டை முடித்ததும் அதன் பக்கத்தில் தன் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். நாளைக்கு அது ஒழுகினால் யார் வேலை என்று தேட வேண்டியதில்லை. ஏழுமலையின் எண் முப்பத்தொன்று. அந்த எண்ணைப் பார்த்தால் ஆய்வாளர்கள் டார்ச்சைக் கூட அடிக்க மாட்டார்கள், அடுத்த ஜாயிண்ட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் பெயர் வாங்கியிருந்தார்.

ஒரு டேங்கரில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது பின்பக்கத்தை மூடுகிற கிண்ணத் தகடும் உடலும் சேர்கிற ஜாயிண்ட்டில் ஈரம் கசிந்தது. வெளியே பார்த்தால் எண் முப்பத்தொன்று. தண்ணீரை இறக்கிக் காயவைத்து, உள்ளே சாயச் சோதனை செய்தார்கள். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தகட்டைச் சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயத்தை அடிப்பார்கள். சற்று ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் அது குடித்து வைத்திருக்கிற சிவப்பு, வெள்ளைக்கு மேலே ஊறி வந்து கோடாகத் தெரியும். பொடி அடித்த ஏழெட்டு நிமிஷத்தில் படம் எடுத்தால் மயிரிழை போல இருக்கும். தாமதித்தால் சிவப்பு பரவிக்கொண்டே போகும்.

நான் தாமதமாகத்தான் போனேன். வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று வந்திருந்தது. கேட் அருகே அவர்களை வரிசையாக நிறுத்திப் பெரிய லென்ஸில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வெள்ளைப் பொடி எனக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தது.

உள்ளே கை விளக்கு வெளிச்சம் மட்டும்தான். பளபளக்கிற தகட்டில் ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில் அடித்த மாதிரி திரும்பி வரும். எனக்கென்ன கவலை, சொம்பு இருக்கிறதே! துளையை முழுக்கத் திறந்து, கிட்டே போய், கையிலேயே பிடித்து எடுத்தேன். வந்தது ஒரு படம். வெள்ளை நிலத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு பிளவு. நடுவில் ஒரு விரற்கடை அளவு மட்டும் கூர்மை, சுற்றிலும் எல்லாம் மங்கல். அச்சுப் போடும்போது வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. என்னவோ ஒரு மங்கல், படத்தைக் கெடுக்கிறது என்று அதை வெட்டினேன். பின்னால் சீட்டு ஒட்டினேன். ‘படத்தில் வராதது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். கையெழுத்தும் போட்டேன்.

கோவிந்தராஜன் சார் வழக்கம்போலச் சீட்டைப் படித்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, “ஒண்ணும் விடலையே?” என்றார். “இல்லை சார்” என்றேன். திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏழுமலையா இப்படி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஏழுமலைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வெல்டர் தகுதி அட்டையை ரத்து செய்யப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த அட்டை போனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் அவரை டேங்க் பக்கம் சேர்க்காது, கேட்டுக்கும் கிரில்லுக்கும்தான் வெல்டிங் வைக்க வேண்டும். உற்பத்திப் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. என் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ‘வெல்டிங் இப்படி இருக்கக் கூடாது’ என்று கேண்டீன் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கீழே எண் முப்பத்தொன்று. சாப்பிடப் போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாம்பாருக்குக் கை நீட்டினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், படம் பலகையில் அருமையாக இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை, விசாரணைக்கு வந்த ஏழுமலை நேராக என் அறைக்கு வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், நீங்க உள்ள பூந்து பாத்தவரு. அந்த ஜாயிண்ட்டு பக்கத்துல ஒரு பிராக்கெட் கீதே, பாத்தீங்களா இல்லியா?”

“எந்த பிராக்கெட்?”

“டேங்க் கழுவுற பைப்பு தாங்கறதுக்கு ஒண்ணு வெச்சிகீறாங்க சார். நான் ஜாயிண்ட்டு முடிச்சி ஒரு வாரம் கயிச்சி வெச்சது. எவனோ காண்ட்ராக்ட் ஆளு, நம்பரு கூட அடிக்கல. வேற வேலைக்கு உள்ள போனப்ப என் கண்ணால பாத்தேன். ஜாயிண்ட்டு மேலயே ஒக்காந்துகினு கீது. அத்த சூடு பண்ணி வெச்சதுலதான் சார் இது வாய தொறந்துகிச்சி. புரொடக்சன் ஆபீசுல எயுதிக் குடுத்தேன். இன்னா சொல்றாங்க தெரியுமா? டிராயிங்ல பிராக்கெட் இல்ல, போட்டோவுலயும் இல்ல, நீ கதை உடாதன்றாங்க.”

“யாராவது உள்ள இறங்கிப் பாத்தாங்களா?”

“போட்டோதான் கீதே, இன்னாத்துக்கு எறங்கணும்னு கேக்கறாங்க சார். சாயம் அடிச்சவரு, கோட்டத்தான் பாத்தேன், வேற எதியும் பாக்கலன்றாரு.”

“பாக்கறேன், நீங்க போங்க” என்று அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வெட்டாத மூலப் படத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் அந்தச் சாம்பல் திட்டு. இப்போது தெரிந்து பார்த்தால், கோணலாக நிற்கிற ஒரு பிராக்கெட்டின் கால். சிவப்புக் கோடு அதை நோக்கித்தான் போகிறது. ஆனால் சத்தியம் பண்ண முடியாது, அவ்வளவு மங்கல். பெரிய லென்ஸ் அதைப் புகை ஆக்கியது, நான் கத்தரி போட்டேன்.

அந்த டேங்கரை அன்று பிற்பகலே பழுதுபார்க்க எடுக்கப் போகிறார்கள் என்று ஷெட்டில் சொன்னார்கள். விரிசலைக் கிரைண்டரில் அரைத்து எடுத்துவிட்டு, இடைஞ்சலாக இருக்கும் பிராக்கெட்டையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வெல்டிங் வைப்பார்கள். அதற்குப் பிறகு ஏழுமலை சொன்னதற்கு அத்தாட்சி என்று உலகத்தில் எதுவும் இருக்காது.

உள்ளே இறங்கக் கோவிந்தராஜன் சாரின் அனுமதிச் சீட்டு வேண்டும். போய் நின்றேன்.

“சார், அந்தப் படத்துக்கு நான் எழுதின சீட்டு தப்பு. கோடு போட்டிருக்கக் கூடாது. பக்கத்துல ஒரு பிராக்கெட் இருக்கு. மறுபடி எடுக்கணும்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம்தான் மாறியது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“பைப் பிராக்கெட்டா?”

“ஆமா சார்.”

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அனுமதிச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீட்டினார். “இதை ஜாயிண்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல வெச்சு எடுங்க. அகல லென்ஸ் கிட்ட இருக்கறதைப் பெருசாக் காட்டும், தூரத்தைத் தப்பாக் காட்டும். ஸ்கேல் இருந்தா யாரும் பேச முடியாது” என்றார். பிறகு, “எந்த லென்ஸ்?” என்று கேட்டார்.

“சின்னது சார்.”

தலையாட்டினார்.

டேங்கருக்குள் இறங்குவது என்றால் சும்மா இல்லை. காற்றுச் சோதனை முடிந்து, ஊதுவிசிறி ஓட வேண்டும். மேன்ஹோல் வாயில் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், என் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவர் கையில். பையில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. பால் டேங்க் என்பதால் செருப்பும் கூடாது, காலில் துணி உறை. அப்படியே தவழ்ந்து, பால் குலுங்காமல் இருக்க நடுவில் வைத்திருக்கும் தடுப்புத் தகட்டின் ஓட்டை வழியாக உடம்பை நுழைத்துக் கடைசி அறைக்குப் போனேன். அங்கே தடுப்புத் தகட்டுக்கும் பின்பக்கக் கிண்ணத் தகட்டுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இடம். முதல் தடவை சொம்பை மாட்டிய கேமரா, அதற்குப் பின்னால் என் மூஞ்சி, என் மூஞ்சிக்குப் பின்னால் தகடு என்று நெருக்கியடித்துத்தான் எடுத்திருந்தேன். பின்னால் போக ஓர் அங்குலம் கிடையாது. போக முடிந்த அளவுக்குத்தான் பார்க்கவும் முடிந்தது.

இந்தத் தடவை என் மூஞ்சியைக் கழித்துவிட்டேன். ஒரு சாக்கை மடித்துப் போட்டு, கேமராவின் முதுகு தடுப்புத் தகட்டில் ஒட்டுகிற மாதிரி வைத்தேன். சிமிழ் லென்ஸ் துருத்தாமல் உட்கார்ந்தது. துளையை நன்றாகச் சுருக்கினேன், கிட்டத்திலிருந்து மூலை வரைக்கும் எல்லாம் தெளிவாக வர. துளை சுருங்கினால் வெளிச்சம் போதாது, நான்கு வினாடி திறந்து வைக்க வேண்டும். “டேங்க் மேல யாரும் கை வெக்காதீங்க!” என்று மேன்ஹோல் பக்கம் கத்திவிட்டு, டைமரை அழுத்தி, கேமராவுக்குக் கீழே பல்லி மாதிரி படுத்துக்கொள்வேன். எடுத்துப் பார்ப்பேன், சாக்கை ஒரு விரல் நகர்த்துவேன், மறுபடி படுப்பேன். சாய ஆய்வாளரையும் கூட்டிப்போய் புதிதாகச் சாயம் அடித்து, பொடி போட்ட எட்டாவது நிமிஷத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தோம். ஐந்தாவது படத்தில் எல்லாம் விழுந்தது.

அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. வளைந்த தகடு, விளக்கின் நிழல், என் காலுறையின் நுனி. ஆனால் ஜாயிண்ட், பிராக்கெட், ஸ்கேல் மூன்றும் ஒரே கூர்மையில் நின்றன. ஜாயிண்ட்டிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் எதையும் ஒட்டக் கூடாது என்பது எங்கள் விதி. ஸ்கேலில் அரை அங்குலம்கூட இல்லை. மெல்லிய சிவப்புக் கோடு பிராக்கெட்டின் மூலையில் புறப்பட்டு, ஜாயிண்ட்டுக்குள் போய் முடிந்தது. ஏழுமலையின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

அச்சுப் போட்டுச் சீட்டு எழுதினேன். ‘படத்தில் வராதது’ என்ற கட்டத்தில் இந்தத் தடவை மூன்று வரி எழுதினேன். பிராக்கெட்டை ஒட்டிய வெல்டரின் எண் பதியப்படவில்லை. முதல் படத்தின் சீட்டில் நான் போட்ட கோடு தவறு. பிராக்கெட்டை இந்த இடத்தில் வைக்கச் சொன்னவர் யார் என்று தெரியாது. கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரிசை. தவறான சீட்டு கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன்.

கோவிந்தராஜன் சார் படத்தைக் கவிழ்த்து வைத்துப் படித்தார். பென்சில் எடுத்துப் படம் போடவில்லை. பேனாவை எடுத்தார். என் மூன்றாவது வரியில் ‘யார் என்று தெரியாது’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், ‘வாடிக்கையாளர் அவசரம் என்றதால் வரைபடம் பார்க்காமல் வாய்மொழியாகச் சொன்னவன் நான்’ என்று எழுதி முழுக் கையெழுத்தும் போட்டார். அப்புறம்தான் படத்தைத் திருப்பினார்.

“ஷெட்டுல நின்னுக்கிட்டு, அங்க வைங்கன்னு கையைக் காட்டினேன். உள்ள அது எங்க போய் உக்காந்துதுன்னு எனக்குத் தெரியலை” என்றார். “உங்க படத்துல இல்லைன்னதும், வெக்கவே இல்லை போலன்னு நினைச்சுட்டேன்.”

அவர் நினைத்திருந்தால் அனுமதிச் சீட்டே தராமல் இருந்திருக்கலாம். சாயங்காலத்துக்குள் கிரைண்டர் எல்லாவற்றையும் அரைத்துப் போட்டிருக்கும். அதற்குப் பதிலாக ஸ்கேலைக் கையில் கொடுத்து அனுப்பினார். அவருக்கு மெமோ வந்தது, வர வேண்டிய பெரிய பதவி வரவில்லை. ஓய்வுபெறும்வரை அதே அறையில், அதே மேசையில்தான் இருந்தார். என் பதவி உயர்வும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, நிஜமாகவே.

திங்கட்கிழமை நோட்டீஸ் ரத்தானது. அறிவிப்புப் பலகையில் இருந்த பெரிய படத்தை நானே போய்க் கிழித்தேன். அதே அளவில் புதுப் படத்தை அச்சடித்து அதே இடத்தில் ஒட்டினேன். வேலைக்குத் திரும்பிய ஏழுமலை அதன் முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினார். விரிசல் அவர் கண்ணுக்குப் படவில்லை. நான் பேனா முனையால் தொட்டுக் காட்டினேன்.

“இவ்ளோண்டா சார்?” என்றார். “இதுக்கா நான் மூணு வாரமா ஊட்டுக்குள்ளயே கெடந்தேன்?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் என்று ஆரம்பித்தார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“ஏழுமலை, பிராக்கெட் முதல் படத்துலயும் இருந்துது. மங்கலா, ஓரமா. நான்தான் வெட்டிட்டேன்.”

“இன்னாத்துக்கு சார்?”

“படம் நல்லா இல்லைன்னு.”

“அயகா இல்லன்னா?”

“ஆமா.”

அவர் கையை விட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“போட்டோக்கார சாரு உள்ள பூந்து காப்பாத்திட்டாருன்னு எங்கூட்டுல சொல்லிகீறேன் சார். எம் பொண்டாட்டி ரொம்ப நொந்து போயிருந்திச்சி, இப்பதான் சிரிக்குது. அத்த அப்டியே வுட்டுர்றேன். நீங்களும் இத்த அதுகிட்ட சொல்லிக்காதீங்க.”

பெரிய லென்ஸிலும் துளையைச் சுருக்கலாம் என்கிறார் ஷீலா. சுருக்கலாம்தான். அவ்வளவு பெரிய துளை கையில் இருக்கும்போது எவன் சுருக்குவான்? நான் சுருக்கவில்லை. அதற்குப் பிறகு வேலையில் இருந்த அத்தனை வருஷமும் சிமிழை மாட்டிக்கொண்டுதான் டேங்குக்குள் இறங்கினேன். சொம்பு கல்யாணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் மட்டும். என் படத்தை வைத்து அதற்கப்புறம் ஒரு வெல்டரும் வீட்டில் உட்காரவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்த விவகாரம் முடிந்த அடுத்த மாசமே ஏழுமலை தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா? கேமரா எடுத்துக்கொள்ளாமல், சாதாரண விருந்தாளியாகப் பாரிவாக்கம் போனேன். சாமியானா போட்டிருந்த சந்தில் பந்தி. ஏழுமலை சாம்பார் வாளியோடு நின்றார். அவர் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்து, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், “இவருதான் அந்த சாரு” என்றார். என் இலையில் ஏற்கெனவே ஒரு வடை இருந்தது. “நல்லா சாப்பிடுங்க சார், உங்களாலதான் நாங்க தலை நிமிந்து கீறோம்” என்று இன்னும் இரண்டு வடை வைத்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வாளியைக் கிளறிக்கொண்டே, சாப்பிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். மூன்று வடையையும் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கத்தோடு நான் எதையும் தின்றதில்லை.